இடியில் ரவுட்டர் போச்சு, பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கிளறினேன்: உங்களிடம் எந்தக் கருவி மிஞ்சியிருக்கிறது?

மூடுபனி (ஹட்டன்):

நேற்றுப் பின்னேரம் இடித்த இடியில் ரவுட்டர் போய்விட்டது. ஏப்ரலில் நம்ம மலையகப் பக்கம் இது வழக்கம்தான். மூன்று மணிக்கு மேல் வானம் கறுத்தால் அம்மா காயப்போட்ட துணியை எடுக்க ஓடுவார், நான் ரவுட்டர் வயரைப் பிடுங்க ஓடுவேன், நேற்று ஒரு மீட்டிங்கில் மாட்டிக்கொண்டதால் துணி மட்டும் தப்பியது. வேலை செய்ய வழியில்லை. சரி என்று பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றை எடுத்து, இத்தனை வருடத்தில் நான் கட்டிய வெப்சைட்டுகளில் எது எது இன்னும் திறக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

2011இல் நோட்பேடில் எழுதிய ஒரு பக்கம், எங்கள் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குச் செய்தது. இரண்டு தட்டு தட்டினேன், திறந்தது. அம்மன் படத்துக்குக் கீழே சிவப்பு எழுத்து ஓடும்படி மார்க்கீ போட்டிருந்தேன், அது கூட இன்னும் ஓடுகிறது. 2014இல் ஜேக்வெரி (படம் சுற்ற வைப்பது போன்ற வேலைகளுக்கான தயார் நிரல்) வைத்துச் செய்த கடை வெப்சைட் பாதிதான் திறந்தது, ஜேக்வெரியை வெளியிலிருந்து இழுத்திருந்தேன், நெட் இல்லாததால் படங்கள் சுற்றும் பகுதி செத்துக் கிடந்தது. போனில் ஹாட்ஸ்பாட் போட்டதும் அதுவும் எழுந்துவிட்டது. 2018இல் ரியாக்டில் (பெரிய வெப் பக்கங்களைக் கட்ட உதவும் தயார் நிரல்) செய்த வேலைதான் வேடிக்கை. அதற்கு வேண்டிய நிரல்களை நெட்டிலிருந்து இறக்க போன் டேட்டாவில் என்பிஎம் இன்ஸ்டால் கொடுத்தேன், பக்கத்துக்கு நிறம், அலங்காரம் தரும் நோட்-சாஸ் என்ற ஒன்றில் வந்து நின்றுகொண்டு, ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட் மென்பொருளின் இப்போதுள்ள பதிப்போடு ஒத்துவராது என்று சிவப்பு எழுத்தில் ஒரு முழத்துக்குத் திட்டியது. பழைய நோட் பதிப்பைத் தேடிப் போட்டால் பைத்தான் (இன்னொரு நிரல்மொழி) எங்கே என்று கேட்டது. ஒரு பட்டனுக்கு நிறம் அடிக்க பைத்தான் எதற்கு? ரீலோட் போட்ட டேட்டா கரைந்ததுதான் மிச்சம்.

வெப் பக்கம் எழுதும் எச்டிஎம்எல்லை நான் படித்ததே கம்பியூட்டர் இல்லாமல்தான். ஸ்கூலில் கம்பியூட்டர் அறைக்குச் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும், உள்ளே பத்துப் பெட்டிகள், எல்லாவற்றுக்கும் துணி உறை, ஓடுவது இரண்டு. மற்ற எட்டும் ஈரத்தில் போனவை. நம்ம ஊர்ப் பனி சுவரையே பூஞ்சணம் பிடிக்க வைக்கும், மதர்போர்டை விடுமா? அதனால் எங்கள் சேர் (ஆசிரியர்) டேக்குகளை, அதாவது எச்டிஎம்எல் குறிச்சொற்களை, கரும்பலகையில் எழுதுவார், நாங்கள் கொப்பியில் எழுதிக்கொள்வோம். சனிக்கிழமை டியூஷன் முடிந்து டவுனில் கம்பியூட்டர் வைத்திருந்த ஒரு கொமியூனிகேஷன் கடையில் மணிக்கு 60 ரூபாய் கொடுத்து, கொப்பியைப் பார்த்து அடிப்பேன். திறந்த டேக்கை மூட மறந்தால் அந்த ஒரு மணி நேரமும் போச்சு, அதனால் பஸ்சில் வரும்போதே பென்சிலால் ஒவ்வொரு டேக்குக்கும் அதன் ஜோடியைத் தேடிக் கோடு இழுத்துவைப்பேன். இன்றைக்கு எடிட்டர் தானாக மூடிவிடுகிறது. ஆனாலும் கை இன்னும் ஜோடியைத் தேடுகிறது.

என் கணக்கில் மிஞ்சியவை மூன்றே மூன்று: வெறும் எழுத்துக் கோப்பு, பிரவுசர், கிட் (நிரலின் பழைய பதிப்புகளைக் காத்து வைக்கும் கருவி). மற்றதெல்லாம் வாடகைச் சாமான். உங்களுக்கு எப்படி?


பண்டாரவளைத் தம்பி:

அண்ணே, கோபித்துக்கொள்ள வேண்டாம். அந்தத் திருவிழாப் பக்கம் இன்னும் திறக்கிறது என்றால் அது ஒன்றுமே செய்யவில்லை என்பதால்தான். சுவரில் ஒட்டிய நோட்டீஸும் பத்து வருடம் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். பல பேர் ஒரே நேரத்தில் பார்க்கிற, பட்டனை அமுக்கினால் பக்கம் முழுக்க மாறுகிற ஒன்றை வெறும் நோட்பேடில் செய்து பாருங்கள், இரண்டாவது வாரத்தில் நீங்களே ஒரு குட்டி ரியாக்ட் எழுதியிருப்பீர்கள், அதில் பிழை இன்னும் கூடுதலாக இருக்கும்.

வாடகைச் சாமான் என்ற பேச்சை ஒப்புக்கொள்கிறேன். ரியாக்ட் வேலையைத் தொடங்கித் தரும் கிரியேட் ரியாக்ட் ஆப் 2016இல் வந்தது, நான் படித்ததே அதில்தான், 2025இல் இனி புதிதாக இதில் தொடங்க வேண்டாம் என்று ரியாக்ட் குழுவினரே சொல்லிவிட்டார்கள். லெஃப்ட்-பேட் கதையும் தெரியும். 2016 மார்ச்சில் ஒருத்தர் தன்னுடைய 11 வரி நிரலை என்பிஎம்மிலிருந்து எடுத்துவிட்டார், ஒரு சொல்லின் இடப்பக்கம் இடைவெளி நிரப்புவதைத் தவிர அது வேறொன்றும் செய்யாது, அதை நம்பியிருந்த வேலைகள் உலகம் முழுக்க நின்றுபோயின. ஆனால் அதே ரியாக்ட்தான் என்னைக் கொழும்புக்குப் போகாமல் இங்கே வைத்திருக்கிறது. நேர்முகத்தில் யாரும் நோட்பேட் தெரியுமா என்று கேட்கவில்லை.


சும்மா வந்தவன்:

மார்க்கீ இன்னும் ஓடுதா??? சத்தியமாவா


கொமியூனிகேஷன் அண்ணன் (தலவாக்கலை):

மணிக்கு 60 ரூபாய் கடை என்று எழுதியதைப் படித்துச் சிரித்துக்கொண்டேன், என் கடையாகவும் இருக்கலாம். நான் டெவலப்பர் இல்லை, ஃபோட்டோகொப்பி, டைப்பிங், விண்ணப்பம் நிரப்புவது, அவ்வளவுதான். ஆனால் மிஞ்சியது எது என்று கேட்டதால் ஒன்று சொல்ல வேண்டும்.

என்னிடம் இருபது வருடத்து டைப்பிங் கோப்புகள் இருக்கின்றன, கலியாண அழைப்பிதழ், மரண அறிவித்தல், தொழிற்சங்கக் கடிதம், ஸ்கூல் மலர். எல்லாம் பாமினி எழுத்துருவில் அடித்தவை. கோப்பு மிஞ்சியது, தமிழ் மிஞ்சவில்லை. பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால் கம்பியூட்டருக்குள்ளே போய் உட்காருவது ஜே, கே, பி, ஓ, பிறகு ஓர் அரைப்புள்ளி. எழுத்துரு என்ற முகமூடி இருக்கும் வரைக்கும்தான் அது தமிழ், கழற்றினால் வெறும் ஆங்கிலக் குப்பை. போன மாதம் ஒரு பிள்ளை வந்து, காலமான தன் தாத்தாவின் பெயரில் பழைய நோட்டீஸ் இருக்கிறதா என்று கேட்டாள். பெயரைத் தமிழில் அடித்துத் தேடினால் ஒன்றும் வராது. அந்தப் பெயரை பாமினி விசைப்படி ஆங்கிலத்தில் அடித்தேன், மூன்று கோப்பு வந்தது. அவள் ஏதோ மந்திரவாதியைப் பார்ப்பது மாதிரி என்னைப் பார்த்தாள்.

எந்தக் கம்பியூட்டரிலும் தமிழைத் தமிழாகவே வைக்கும் யுனிகோட் குறியீடு வந்தபோது நாங்கள் யாரும் சீக்கிரம் மாறவில்லை, அதற்குக் காரணம் இருந்தது. விண்டோஸ் எக்ஸ்பியில் தமிழ் ஒழுங்காகத் தெரிய கண்ட்ரோல் பேனலுக்குள் போய் ஒரு கட்டத்தில் சரி போட வேண்டும், போட்டதும் அது சீடியைக் கேட்கும். ஒரிஜினல் சீடி யாரிடம் இருந்தது? பிறகு சுரதாவின் எழுத்துரு மாற்றி கிடைத்தது, ஒரு பக்கத்தில் பாமினியை ஒட்டினால் மறுபக்கம் யுனிகோட் வரும். அந்த ஒரு சின்னப் பெட்டி செய்த வேலையை எந்தப் பெரிய மென்பொருளும் எனக்குச் செய்யவில்லை. இப்போதும் வாரத்துக்கு இரண்டு தடவை தேவைப்படுகிறது.


மூடுபனி (ஹட்டன்):

அண்ணே, 'கோப்பு மிஞ்சியது, தமிழ் மிஞ்சவில்லை' என்பது என் வாயை அடைத்துவிட்டது. வெறும் எழுத்துக் கோப்பு என்று பெருமையாக எழுதினேன், அந்த எழுத்து எந்தக் குறியீட்டில் இருக்கிறது என்பதைப் பற்றி யோசிக்கவே இல்லை. என் திருவிழாப் பக்கம் யுனிகோடில் இருந்தது என் கெட்டித்தனத்தால் இல்லை, அந்தக் கொமியூனிகேஷனில் பாமினி விசை எனக்கு வராது என்பதால்.

தம்பிக்கு: ரியாக்ட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, பகலில் எனக்கும் அதுதான் சோறு. ஆனால் ஒரு கதை சொல்கிறேன். 2021இல் தேயிலைத் தோட்டத்தில் நாள் சம்பளம் ஆயிரம் ரூபாய் ஆனபோது எங்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) எல்லாருக்கும் ஒரே சந்தேகம், சம்பளத் துண்டில் இருக்கும் தொகை சரியா பிழையா என்று. துண்டு ஆங்கிலச் சுருக்கெழுத்தில் வரும். பத்தாந்தேதி ராத்திரி அம்மாவின் கூட்டாளிகள் துண்டும் கையுமாக எங்கள் காம்பராவுக்கு வந்துவிடுவார்கள். எத்தனை பேர் விழுந்தது (ஒரு நாள் வேலைக்கு ஒரு 'பேர்'), எத்தனை கிலோ கூட எடுத்தது, ஈபிஎஃப் (சேமலாப நிதி) 8 வீதம், சங்கச் சந்தா, தேத்தூள், அட்வான்ஸ், எல்லாம் கூட்டிக் கழித்துச் சொல்ல வேண்டும். இதை ஒரு வெப் ஆப்பாகச் செய்துவிடலாமே என்று ரியாக்டில் அழகாகச் செய்தேன், பட்டனை அமுக்கினால் ஒரு தேயிலை இலை சுழலும். என் லேப்டாப்பில் கண் சிமிட்டும் நேரத்தில் திறந்தது. அம்மாவின் போனில் வெள்ளைத் திரை. எங்கள் லயத்தில் சிக்னல் ஜன்னலோரம் ஒரு சாண் இடத்தில்தான் வரும், அந்த மாதிரிப் பக்கத்தில் ஜாவாஸ்கிரிப்ட் முழுசாக வந்து இறங்கும் வரைக்கும் திரையில் காட்ட ஒன்றுமே இருக்காது, பாதி வந்தாலும் பூச்சியம்தான். 'வெள்ளையாத்தான் தம்பி இருக்கு' என்று அம்மா மூன்று நாள் பொறுமையாகச் சொன்னார்.

நாலாவது நாள் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு ஒரே ஒரு எச்டிஎம்எல் கோப்பாக எழுதினேன், அலங்காரத்துக்கான சிஎஸ்எஸும் நிரலும் அதற்குள்ளேயே. 11 கேபி. அதை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், லிங்க் இல்லை, கோப்பையே. சில போன்கள் அதை ஏதோ வியூவரில் திறந்தன, அதில் நிரல் ஓடவில்லை, குரோமில் திற என்று ஒவ்வொருத்தருக்கும் சொல்லிக்கொடுத்தேன். அப்புறம் நெட்டே தேவைப்படவில்லை. ஒரு வாரத்தில் பக்கத்துத் தோட்டத்திலிருந்து அதே கோப்பு எனக்கே ஃபார்வேர்ட் ஆகி வந்தது. சேமித்துவைக்க நான் வழி எதுவும் செய்யவில்லை, எல்லாரும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டார்கள், லயத்தில் அதுதான் டேட்டாபேஸ்.

ஒரு கூத்தும் நடந்தது. கம்பியூட்டர் பின்னத்தை இரண்டின் அடியில்தான் வைத்திருக்கும், 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டச் சொன்னால் ஜாவாஸ்கிரிப்ட் 0.30000000000000004 என்று சொல்லும். கிலோவை அரைகுறையாகப் போட்ட ஒரு அக்காவுக்கு விடை அப்படி நீளமாக வர, இத்தனை பூச்சியமா, இது எத்தனை லட்சம் என்று லயமே கூடிவிட்டது. பிறகு கிலோவை கிராமாகவும் ரூபாயைச் சதமாகவும் மாற்றி முழு எண்ணில் கூட்டினேன்.


பெரட்டுக்களம்:

அந்தக் கோப்பைச் செய்தது நீங்கள்தானா! தேடிக்கொண்டிருந்தேன், வாழ்த்துச் சொல்ல இல்லை.

முதலாவது, அரைப்பேர் எங்கே? குறித்த கிலோ எடுக்காவிட்டால் அன்றைக்கு அரைப்பேர்தான் விழும், மழை நாளில் பாதி ஆட்களுக்கு அதுதான். உங்கள் கோப்பில் நாள் எண்ணிக்கைக்கு முழு எண் மட்டும்தான் போட முடியும். லயத்தில் வளர்ந்த ஆள் இதை எப்படி மறந்தீர்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

இரண்டாவது, ஆயிரத்தை உள்ளேயே எழுதிப் பூட்டிவிட்டீர்கள். 2024இல் அடிப்படைச் சம்பளம் 1350 ஆனது. என் மாமியார் போனில் பழைய கோப்பு. துண்டில் வந்த தொகை உங்கள் கோப்பு சொன்னதைவிடக் கூட. அவருக்குச் சம்பளம் கூடியது தெரியும், ஆனால் போன் பொய் சொல்லாது என்ற நம்பிக்கை அதைவிடப் பெரிது. தோட்டத்துக் கணக்கப்பிள்ளை வேறு யாருடைய பேரையோ மாமியாரின் கணக்கில் போட்டுவிட்டார், அடுத்த மாதம் பிடித்துக்கொள்வார் என்று பயந்து அந்தக் கூடுதல் காசை இருபது நாள் அரிசி டின்னுக்குள் வைத்திருந்தார். மூத்தவனுக்குச் சப்பாத்து வாங்க வேண்டிய காசு அது.


மூடுபனி (ஹட்டன்):

ஐயோ.

அரைப்பேர் மறந்ததற்கு ஒரு காரணமும் இல்லை. அம்மா வேகமாகக் கொழுந்தெடுப்பவர், எங்கள் வீட்டில் அந்தச் சொல் குறைவாகத்தான் வரும், நான் என் வீட்டுக் கணக்கை ஊர்க் கணக்கு என்று நினைத்துவிட்டேன். ஆயிரம் விஷயத்தில் சொல்ல ஒன்றுமே இல்லை, அந்த வரியை எழுதியது ஞாபகம் இருக்கிறது, ஆயிரம் வாங்கவே எத்தனை வருடப் போராட்டம், இனி இப்போதைக்கு எங்கே மாறப் போகிறது என்று நினைத்துத்தான் எழுதினேன். மாமியாரிடம் என் சார்பில் மன்னிப்புக் கேளுங்கள்.


பண்டாரவளைத் தம்பி:

இதைத்தான் அண்ணே நான் சொல்ல வந்தேன், ஆனால் அரிசி டின் கதைக்குப் பிறகு வாதாட மனம் வரவில்லை. கையை விட்டுப் போன கோப்பைத் திருத்த முடியாது. சேர்வரில் இருந்தால் ராத்திரியோடு ராத்திரியாக 1350 என்று மாற்றியிருக்கலாம். நடு வழி ஒன்று இருக்கிறது, சேர்விஸ் வேர்க்கர். ஒரு தடவை சிக்னல் உள்ள இடத்தில் பக்கத்தைத் திறந்தால் போனுக்குள்ளேயே தங்கிவிடும், பிறகு நெட் இல்லாமலும் திறக்கும், எப்போதாவது டவுனுக்கு வந்து திறக்கும்போது புதியது இருந்தால் தானாக எடுத்துக்கொள்ளும். ரியாக்ட் தேவையில்லை, உங்கள் 11 கேபி அப்படியே போதும். எச்டிடிபிஎஸ் (பாதுகாப்பான இணைப்பு) உள்ள ஒரு வெப் முகவரி மட்டும் வேண்டும்.


மூடுபனி (ஹட்டன்):

யோசித்தேன். சிக்கல் என்னவென்றால் நம்ம ஆட்கள் முகவரியை அனுப்புவதில்லை, கோப்பைத்தான் அனுப்புகிறார்கள், முகவரியைத் திறக்க முதல் தடவையாவது டேட்டா வேண்டும், மாதக் கடைசியில் அது இருக்காது. இரண்டையும் செய்துவிட்டுப் பார்க்கிறேன். கோப்பில் சம்பளத் தொகை இனி வெறும் கட்டம், துண்டைப் பார்த்து அவர்களே நிரப்பட்டும். மேலே பெரிய எழுத்தில் எந்த வருடத்துக் கணக்கு என்று போடுகிறேன்.


ஐசிடி டீச்சர் (மஸ்கெலியா):

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், கரண்ட் போய்ப் போய் வந்ததால் இப்போதுதான் எழுத முடிந்தது. (லக்சபான மின் நிலையத்துக்குத் தண்ணீர் நம்ம மலையிலிருந்துதான் போகிறது, 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேரம் கரண்ட் இல்லாதபோதும் நீர்த்தேக்கத்தைப் பார்த்துக்கொண்டுதான் மெழுகுதிரி ஏற்றினோம். சரி, அதை விடுங்கள்.)

டெவலப்பர்களிடம் எனக்கு ஒரு முறைப்பாடு இருக்கிறது. மூன்று மொழியில் வெப்சைட் என்பார்கள், தமிழை அமுக்கினால் பட்டனுக்குள் எழுத்து பாதிதான் தெரியும், மேலே ரகர ஈகாரத்தின் சுழி வெட்டுப்பட்டு, கீழே உகரக் கொக்கி வெட்டுப்பட்டு. ஆங்கிலத்துக்கு அளந்த பெட்டிக்குள் நம்ம எழுத்தைத் திணித்தால் வேறு எப்படி இருக்கும்? ஒரு நிறுவனத்தின் பக்கத்தில் 'கொழுந்து விலை' என்ற தலைப்பு 'கொழு' என்று நின்றிருந்தது, பிள்ளைகள் ஒரு வாரம் சிரித்தார்கள். நான் அதையே பாடமாக்கிவிட்டேன். கண்ணுக்குக் 'கொழுந்து' நாலு எழுத்து, யுனிகோடில் எட்டுக் குறி, ஏனென்றால் கொம்பும் காலும் சேர்ந்த ஒகரக் குறி தனி, உகரக் குறி தனி, புள்ளி தனி. அந்தக் குறிகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட், ஆக 24. நாலு எழுத்தோடு வெட்டு என்று சொன்னால் கம்பியூட்டர் நாலு குறியை எண்ணி வெட்டுகிறது, கிடைப்பது 'கொழு'. எஸ்எம்எஸ்ஸிலும் இதே கதை, ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து, தமிழில் 70 குறி, பெற்றோர் கூட்டத்துக்கு வாருங்கள் என்று கொஞ்சம் மரியாதையாக எழுதினால் இரண்டு செய்திக் காசு.


பண்டாரவளைத் தம்பி:

டீச்சர், இன்ட்ல் செக்மென்டர் என்று ஒன்று இப்போது பிரவுசரிலேயே இருக்கிறது, அது நம்ம எழுத்துப்படி எண்ணும். பட்டனுக்கு உயரத்தைப் பூட்டாமல் விட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். வெட்டுப்பட்ட பக்கங்களில் ஒன்றிரண்டு நான் செய்ததாகவும் இருக்கலாம், மன்னிக்கவும்.


சும்மா வந்தவன்:

மூடுபனி அண்ணே என்ன ரவுட்டர் வாங்கப் போறீங்க, எங்க வீட்லயும் போச்சு


ஐசிடி டீச்சர் (மஸ்கெலியா):

மூடுபனி, உங்கள் கோப்பு என் வகுப்பிலும் இருக்கிறது, அதைத்தான் சொல்ல வந்தேன், முறைப்பாட்டில் மறந்துவிட்டேன். எங்கள் அறையில் ஓடும் பெட்டிகள் நாலு, பிள்ளைகள் முப்பத்திரண்டு. அதனால் போனிலேயே ஒரு எடிட்டர் ஆப் போட்டு, அந்தக் கோப்பைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள் என்றேன். ஒரு கோப்பு என்பதால் பார்க்க முடிந்தது, இல்லாவிட்டால் எங்கே தொடங்குவது என்றே எனக்குத் தெரிந்திருக்காது. பத்தாம் தரத்துப் பிள்ளை ஒருத்தி மறுநாள் திருத்திக்கொண்டு வந்தாள். 'மேலதிகக் கிலோ' என்று நீங்கள் எழுதியதை 'கூடக் கிலோ' என்று மாற்றியிருக்கிறாள், அம்மாவுக்கு மேலதிகம் என்றால் விளங்கவில்லையாம். 'கணக்கிடு' இப்போது 'கணக்குப் பாரு'. நாள் கட்டத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கட்டம், 'அரைப்பேர்'. பெருக்கல் சரியாக இருக்கிறது, நானே போட்டுப் பார்த்தேன். ஆயிரத்தை மட்டும் அவள் தொடவில்லை, அது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லையாம்.


மூடுபனி (ஹட்டன்):

டீச்சர், அந்தக் கோப்பை எனக்கு அனுப்புங்கள். ஆயிரம் 74ஆவது வரியில் இருக்கிறது என்று சொல்லுங்கள், மாற்றுவது அவளே மாற்றட்டும். இனி அனுப்பும் பதிப்பு அவளுடையதுதான்.

சும்மா வந்தவன், எதை வாங்கினாலும் மூன்று மணிக்கு வயரைப் பிடுங்குங்கள்.